கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்

1998 தீபாவளி போனஸில் 2,500 ரூபாயை எடுத்துக்கொண்டு போய் ஒரு பழைய தபால் கவரை வாங்கி வந்தேன். முன்பக்கத்தில், முகவரிக்குக் கீழே, நீல மையில் ‘அண்ணாதுரை’ என்று சாய்வான கையெழுத்து. வீட்டில் புடவைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் அது. விற்றவர் கவரைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். கசங்கிவிடக் கூடாதே என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு, உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல், பஸ்ஸில் நின்றபடியே ஊர் வந்து சேர்ந்தேன்.

அன்று எனக்கு இரவு டூட்டி. ரயில்வே மெயில் சர்வீஸில் கடிதம் பிரிக்கும் சார்ட்டர் வேலை, திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ‘டி’ டிவிஷன். எங்கள் செட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. தபால்தலை சேகரிப்பில் எனக்குக் குரு என்றே சொல்லலாம். இரண்டு மணி வாக்கில் வேலை கொஞ்சம் ஓய்ந்ததும், டீயைத் தள்ளி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கவரை அவர் முன்னால் எடுத்து வைத்தேன்.

அவர் கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கவரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பசை ஒட்டிய மடிப்பை விரலால் தடவினார். திரும்ப முன்பக்கம் வந்தார்.

“தம்பி, பின்கோடு எந்த வருசம் வந்துச்சு?”

“எழுபத்திரண்டு சார். ஆகஸ்ட் 15.”

“அண்ணா எப்பப் போனாரு?”

பதில் சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். 1969 பிப்ரவரி 3. தமிழ்நாட்டில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கவரில் முகவரியின் கடைசி வரி: திருச்சி - 620 002.

தினமும் ராத்திரி பின்கோடைப் பார்த்துப் பார்த்துக் கடிதம் பிரித்து, கனவில்கூட ஆறு இலக்கம் வந்து போகிற ஆள் நான். அந்த ஒரு வரி என் கண்ணில் படவே இல்லை. கையெழுத்தைப் பார்த்த நிமிடத்திலேயே மற்றதெல்லாம் மறைந்துவிட்டது. பெரியவர் சிரிக்கவில்லை. கவரைத் திருப்பிக் கொடுத்து, “கையெழுத்தக் கடைசியா பாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு மெயில் பையைக் கட்டப் போய்விட்டார்.

அந்தக் கவர் உண்மையான கவர்தான். எழுபதுகளில் யாரோ ஒரு கம்பெனி யாரோ ஒரு கடைக்காரருக்கு அனுப்பியது. தபால்தலையும் உண்மை, முத்திரையும் உண்மை. வருடம் தெரியாமல் மசமசவென்று விழுந்த முத்திரையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, காலி இடத்தில் கையெழுத்தை மட்டும் போட்டிருக்கிறார்கள். அப்படி மசமசவென்று முத்திரை குத்திய கைகளில் என் கையும் ஒன்று என்பதால் அந்த விஷயத்தில் யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அண்ணா காலத்துக் கவராக இருந்தால் ‘திருச்சி-2’ என்று தபால் வட்டார எண்ணோடு முகவரி முடிந்திருக்கும், ‘மதராஸ்-17’ என்று எழுதுவார்களே அதுபோல. அதுகூட எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் போனது.

இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “கையெழுத்து ஒரிஜினலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?” என்பதுதான். கண்டுபிடிப்பது கடினம் என்பதுதான் பதில். ஒருவரின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து ஆயிரம் முறை எழுதிப் பழகியவன் போட்டது என்றால் நம் கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் போலி செய்கிறவன் உழைப்பையெல்லாம் கையெழுத்தில்தான் கொட்டுகிறான். காகிதம், தபால்தலை, முத்திரை, முகவரி, தேதி இவற்றில் அவனுக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. அவன் சோம்பல்படும் இடத்தில் நாம் தேட வேண்டும். தபால் கவர் அதற்கு வாகான பொருள். வெறும் ஆட்டோகிராப் நோட்டுத் தாளில் கையெழுத்தைத் தவிர எதுவும் இல்லை. கவரிலோ ஏழெட்டு சாட்சிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் ஒரு பழைய டைரியில் தேதிகளாக எழுதி வைக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் மனிதர்கள் மறைந்த நாள், எதிர்ப் பக்கம் பொருள்கள் பிறந்த நாள். அம்பேத்கர் மறைந்தது 1956 டிசம்பர் 6. அணாவுக்குப் பதில் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. ஆகவே நயா பைசா தபால்தலை ஒட்டிய கவரில் அம்பேத்கர் கையெழுத்து இருந்தால் பூதக்கண்ணாடியை வெளியே எடுக்கவே வேண்டாம். காந்தி சுடப்பட்டது 1948 ஜனவரி 30. அவர் படம் போட்ட முதல் இந்தியத் தபால்தலைகள் நான்கும் வெளிவந்தது அதே வருடம் ஆகஸ்ட் 15. அந்தத் தபால்தலையின் மேலேயே காந்தி கையெழுத்துப் போட்டது போல ஒரு கவரை என்னிடம் ஒருவர் மிகுந்த பணிவோடு காட்டியிருக்கிறார். இன்லேண்ட் லெட்டர் 1950-இல்தான் வந்தது. காந்தி எழுதிய இன்லேண்ட் இருக்க வழியில்லை.

அண்ணாவுக்கே இன்னொரு தேதி உண்டு. மெட்ராஸ் மாநிலம் அதிகாரபூர்வமாகத் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14. அவர் மறைந்தது அதற்கு இருபதே நாளில், அதுவும் உடம்புக்கு முடியாமல் கிடந்த நாட்கள். ஆங்கிலத்தில் புதிய பெயர் அச்சடித்த அரசுத் தாளில் முதலமைச்சர் அண்ணாவின் கையெழுத்து என்று யாராவது கொண்டுவந்தால், நான் முதலில் அவருக்கு உட்கார நாற்காலி போடுவேன். ஏனென்றால் பேச நேரமாகும்.

பேனாவும் காட்டிக்கொடுக்கும். பால்பாயின்ட் பேனா அமெரிக்காவில் கடைக்கு வந்ததே 1945-இல். பாரதி 1921-இலும் வ.உ.சி. 1936-இலும் போய்விட்டார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். பால்பாயின்ட் காகிதத்தில் ஒற்றைப் பள்ளம் பறிக்கும். நிப் பேனா அழுத்தும் இடத்தில் இரண்டாகப் பிரிந்து ஓரங்களில் இரட்டைக் கோடு விடும். அப்புறம் கள்ளநோட்டு பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கு. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர் ரசாயனத்தை 1950-ஐ ஒட்டித்தான் பரவலாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். 1930 என்று தேதி போட்ட கடிதம் அந்த விளக்கில் நீல வெள்ளையாகப் பளபளத்தால் கடையை விட்டு இறங்கிவிடலாம். பளபளக்கவில்லை என்றால் அது உண்மை என்று அர்த்தமில்லை. பழைய கணக்கு நோட்டுகளின் வெற்றுத் தாள்களைப் போலிக்காரர்களும் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

காந்தி கையெழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தியாவில் இந்த ஆசை வந்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் அங்கே போய் முட்டிக்கொள்வார்கள். அவர் ஆட்டோகிராப் கேட்டவர்களிடம் ஹரிஜன நிதிக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு அது பெரிய தொகை. அதனால் உண்மையான கையெழுத்துகள் நிறையவே உண்டு. உண்மை நிறைய இருக்கும் இடத்தில் பொய்யும் சுலபமாக ஒளிந்துகொள்ளும். இதில் இன்னொரு சங்கடம், அவர் இரண்டு கையாலும் எழுதுவார். 1909-இல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும்போது கப்பலில் உட்கார்ந்து ‘இந்து சுயராஜ்யம்’ எழுதினார் அல்லவா, வலது கை வலித்தபோது இடது கைக்கு மாறி எழுதிய பக்கங்கள் அந்தக் கையெழுத்துப் பிரதியில் இருக்கின்றன. அந்த எழுத்தும் இந்த எழுத்தும் ஒருவருடையதென்று பார்த்தால் சொல்ல முடியாது. குஜராத்தி, இந்தி, ஆங்கிலம் போக, தமிழிலும் ‘மோ. க. காந்தி’ என்று போட்டிருக்கிறார். வந்த கடிதத்தின் காலிப் பின்பக்கத்தை வீணாக்காமல் அதிலேயே எழுதுவார். இப்படிப்பட்ட மனிதரின் கையெழுத்தை ‘மாதிரியோடு’ ஒப்பிட்டு என்னத்தைக் கண்டுபிடிப்பது?

இங்கேயும் தேதிதான் துணை. அவருடைய எழுத்துகளின் தொகுப்பு ஆங்கிலத்தில் நூறு தொகுதிகள். எந்த நாளில் எந்த ஊரில் இருந்தார் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். 1942 ஆகஸ்ட் 9 முதல் 1944 மே 6 வரை அவர் காவலில் இருந்தார், புனே ஆகா கான் மாளிகையில். 1943-இல் சேவாகிராமத்திலிருந்து எழுதியதாக ஒரு கார்டை எனக்கு விற்க வந்தவரிடம் இதைச் சொன்னேன். “அப்படியா சார், தேதிய யாராச்சும் தப்பாப் போட்டிருப்பாங்க” என்றார். யாரோ போட்டார்கள் என்பது மட்டும் உண்மை.

ஆளின் வயதையும் சேர்த்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போதே தங்கள் படம் போட்ட தபால்தலையைப் பார்த்த இந்தியர்கள் ரொம்பக் குறைவு. 1958-இல் சமூக சீர்திருத்தவாதி டி.கே. கார்வே, 1960 செப்டம்பர் 15 அன்று பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா, 1967-இல் ராதாகிருஷ்ணன், 1980-இல் அன்னை தெரசா, 2013-இல் டெண்டுல்கர், இன்னும் சிலர். தன் முகத்துக்குப் பக்கத்தில் தானே கையெழுத்துப் போட்ட முதல் நாள் கவர் (தபால்தலை வெளியான அன்றைய முத்திரையோடு வரும் கவர்) என்றால் சேகரிப்பாளர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். என்னிடம் விஸ்வேஸ்வரய்யா கவர் ஒன்று இருக்கிறது. அந்தக் கவருக்கு முந்தி ஒரு கவரை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அதில் கையெழுத்து பிரமாதம், கல்லூரிப் பையன் போட்டது போல் ஓடியது. அதுதான் பிரச்சினை. ஏறக்குறைய நூறு வயதில் கை அப்படி ஓடாது. நான் வாங்கியதில் எழுத்து தடுமாறுகிறது, ஒரு இடத்தில் பேனா நின்று மை திரண்டிருக்கிறது. அதைவிட முக்கியம், ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் வீட்டுப் பெட்டியிலிருந்து அது வந்தது. அவர் கவரை அனுப்பிக் கேட்ட கடிதத்தின் நகலும் கூடவே இருந்தது. நான் பாதிப் பணம் கொடுத்தது அந்த நகலுக்குத்தான். எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாறு இல்லாத கையெழுத்துக்கு நான் இப்போதெல்லாம் நூறு ரூபாய்க்கு மேல் கொடுப்பதில்லை. கோபித்துக்கொள்கிறார்கள், இருக்கட்டும்.

மனிதனே போடாத கையெழுத்து ஒரு வகை. டெல்லியில் பெரிய பதவி ஒன்றில் இருந்தவருக்கு எழுதி, கையெழுத்திட்ட வாழ்த்து அட்டை ஒன்று வாங்கினேன். நான்கு வருடம் கழித்து நண்பருக்கும் ஒன்று வந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் வெயிலுக்கு எதிரே பிடித்தோம். வளைவு, புள்ளி, வால் எல்லாம் அட்சரம் பிசகாமல் பொருந்தின. மனிதக் கை ஒரே கையெழுத்தை இரண்டு முறை போடாது. பொருந்தினால் இயந்திரம் அல்லது அச்சு. அமெரிக்காவில் ஆட்டோபென் என்று ஒரு கருவி, உண்மையான பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுதும். கென்னடியின் கையெழுத்தாக உலவுவதில் ஏராளமானவை அந்தக் கருவி போட்டவை, இல்லையென்றால் செயலாளர்கள் போட்டவை. விண்வெளி வீரர்களுக்கும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பேனா உண்மை, மை உண்மை, அலுவலகக் கவரும் உண்மை. கை மட்டும் இல்லை.

விண்வெளி என்றதும் என் முட்டாள்தனம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1995-இல் நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கு மூன்று பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். எழுதிக் கொடுத்த நண்பருக்கு இரண்டு பிரியாணி செலவு. பதில் வரவில்லை. பின்னால்தான் தெரிந்தது, கேட்டு வாங்கியதை ஆட்கள் விற்றுக் காசாக்குவதைப் பார்த்து அவர் 1994-லேயே கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டார். கேட்பதற்கு முன் விசாரிக்க வேண்டும் என்பதை ஏர்மெயில் செலவில் கற்றேன். அந்தப் பைத்தியத்தில்தான் அப்போலோ 11 ‘இன்சூரன்ஸ் கவர்’ பற்றிப் படித்தேன். நிலவுக்குப் போகிற மூன்று பேரும் கிளம்பும் முன் கவர்கட்டுகளில் கையெழுத்துப் போட்டு வைத்தார்கள். தெரிந்தவர் ஒருவர் புறப்பட்ட நாளிலும் நிலவில் இறங்கிய நாளிலும் அவற்றைத் தபால் நிலையத்தில் கொடுத்து முத்திரை குத்தி வாங்கினார். திரும்பி வராமல் போனால் குடும்பம் அதை விற்றுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று. திரும்பி வந்துவிட்டார்கள், கவர்கள் பல வருடம் வீட்டிலேயே கிடந்தன. எனக்கு அதில் பிடித்தது முத்திரைதான். முத்திரை குத்திய அந்த நிமிடத்தில் அவர்கள் பூமியில் இல்லை. எங்கள் தொழிலில் தேதி முத்திரைக்கு அப்படி ஒரு வேலை வாய்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கையெழுத்தே தபால்தலையாக இருந்த காலமும் உண்டு. பிரிட்டனில் 1840 வரை பார்லிமென்ட் உறுப்பினர் கவரில் தன் பெயரைக் கையெழுத்தாக இட்டால் கடிதம் இலவசமாகப் போகும். நண்பர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஊழல் செய்ததால், 1784 முதல் முகவரி முழுவதையும் ஊர், தேதியோடு உறுப்பினரே தன் கையால் எழுத வேண்டும் என்று விதி வந்தது. சேகரிப்பவர்களுக்கு அது கொண்டாட்டம், ஒரு பெயருக்குப் பதில் நாலு வரி கிடைத்தது! ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் கையெழுத்துள்ள முன்பக்கத்தை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டினார்கள். கடிதமும் பின்பக்க முத்திரையும் அடுப்புக்குப் போயின. படித்தபோது வயிற்றைக் கலக்கியது. நான் பத்து வயதில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்த கவர்களை அண்டாவில் ஊறப்போட்டுத் தபால்தலையை உரித்தவன். ஊறிய கவர்களை அம்மா வறட்டியோடு சேர்த்து எரித்தாள். யார் யாருக்கு எழுதியவை என்று இப்போது கேட்க ஆளில்லை. பழைய கவர் கிடைத்தால் கத்தரிக்காதீர்கள், உரிக்காதீர்கள், உள்ளே இருக்கும் கடிதத்தைப் பிரித்து வேறு இடத்தில் வைக்காதீர்கள்.

வாங்குவதில் இத்தனை கண்ணி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, உயிரோடு இருப்பவர்களுக்கு நானே எழுதி வாங்குவதுதான் நல்லது என்று முடிவு செய்தேன். பத்துக் கடிதம் போட்டால் இரண்டு மூன்று பதில் வரும். கையால் எழுதிய கடிதமாக இருக்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அவருடைய வாழ்க்கையில் ஏதாவது ஒன்றைப் பற்றி உண்மையான ஒரு கேள்வி கேட்க வேண்டும். “தங்கள் மகத்தான சேவை” என்று அளந்தால் குப்பைக்குத்தான் போகும். ஒரு கவருக்கு மேல் அனுப்பினால் விற்கப் போகிறான் என்று நினைப்பார்கள், நியாயந்தான். நம் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய பதில் கவரைக் கட்டாயம் உள்ளே வைக்க வேண்டும். அது கசங்காமல் திரும்பி வர அதே அளவில் ஒரு அட்டை. வெளிநாட்டுக்கு எழுதினால் நம் தபால்தலை ஒட்டிய பதில் கவர் அங்கே செல்லாது. அந்த நாட்டுத் தபால்தலை வேண்டும், நான் அங்கே இருக்கும் சொந்தக்காரர்களை நச்சரித்து வாங்குவேன். எங்கே கையெழுத்து வேண்டும் என்று பென்சிலால் மெல்லிய புள்ளி. தபால்தலை மேல் வேண்டாம் என்று ஒரு வரி.

இப்படிச் சேர்ந்தவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். நேதாஜி அமைத்த ஆசாத் ஹிந்த் அரசின் வெள்ளி விழாவுக்கு 1968 அக்டோபர் 21 அன்று ஒரு தபால்தலை வெளிவந்தது. அதன் முதல் நாள் கவர் ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த முதியவர் ஒருவர் இருப்பதாக எங்கள் ஆபீஸ் நண்பர் சொன்னார். மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து பட்டாளத்தில் சேர்ந்தவர். அந்தப் படையில் அப்படிச் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். புத்தகங்களில் பெயர் வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். கவரை அனுப்பினேன். கேள்வியாக, தோட்டத்தில் எந்த வேலை பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தேன்.

நாற்பது நாள் கழித்து வந்தது. பேரன் எழுதியிருந்தான், எட்டாம் வகுப்புக் கையெழுத்து. “தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பட்டாளத்தில் சேரும்போதும் கைநாட்டுதான் வைத்தாராம். அதனால் உங்களுக்கும் அதையே வைத்திருக்கிறார். வீட்டில் மை இல்லை, போஸ்ட் ஆபீஸுக்கு நடந்து போய் வைத்தோம். மை கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஸ்டாம்ப் மேல் படவில்லை. பால் வெட்டும் வேலை பார்த்தாராம்.”

பென்சில் புள்ளி வைத்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை. கிளை அஞ்சலகத்து ஸ்டாம்ப் பேட் மை. நடுவில் குறுக்கே ஒரு தழும்பு, பால் வெட்டும் கத்திபட்டதாக இருக்கலாம். நான் ராத்திரி முழுக்கக் கையில் பூசிக்கொண்டிருந்த அதே ஊதா.

நன்றி சொல்லியும் இன்னும் சில கேள்விகள் கேட்டும் எழுதினேன். ஆபீஸில் இரண்டு பேர் லீவு, டூட்டி மேல் டூட்டி. எழுதி முடிக்கவே நாலு மாதம் ஆகிவிட்டது. அந்தக் கடிதம் முகவரியின் குறுக்கே பால்பாயின்ட் குறிப்போடு திரும்பி வந்தது: ‘பெறுநர் காலமானார். அனுப்பியவருக்கு’. அந்தக் குறிப்புள்ள கடிதங்களை வருடக்கணக்காகத் திருப்பி அனுப்பும் கூட்டில் போட்டிருக்கிறேன், எனக்கென்று ஒன்று வந்தது அப்போதுதான். வயதானவர்களுக்கு எழுதுவதென்றால் இன்றைக்கே எழுதிவிடுங்கள். பதில் வந்தால் அன்றைக்கே நன்றி சொல்லி எழுதுங்கள். கேள்வியையும் இரண்டாவது கடிதத்துக்கு மிச்சம் வைக்காதீர்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. லாமினேஷன் கடைப் பக்கம் போகாதீர்கள். சுதந்திரப் போராட்ட வீரர் ஒருவர் கையெழுத்திட்ட கார்டை 1991-இல் ‘பத்திரமாக’ இருக்கட்டும் என்று லாமினேட் செய்தேன். சூட்டில் மை பரவி, பிளாஸ்டிக் மஞ்சளாகி, இன்று அது காகிதமும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. உரிக்கவும் முடியாது. செல்லோடேப்பும் அப்படியே. சட்டம் போட்டு வெயில் படும் சுவரில் மாட்டினால் பத்து வருடத்தில் நிப் பேனா மை நிழலாகிவிடும். மலிவான பிளாஸ்டிக் உறைகள் வியர்த்து மையை இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை விலை அதிகம், வேறு வழியில்லை. ராமபாணப் பூச்சிக்குப் பாச்சை உருண்டை வைப்பதானால் துணியில் கட்டி பீரோவின் மூலையில் வையுங்கள், ஆல்பத்துக்குள் வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துக் காற்றாட விடுவேன், நிழலில், மின்விசிறியை நிறுத்திவிட்டு.

இன்னொன்று. 75 வருடம் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகள் 1972-இன் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் கணக்கில் வரும். தனி ஆள் வெளிநாட்டுக்கு விற்கவோ அனுப்பவோ முடியாது. சிங்கப்பூரிலிருந்து வரும் மச்சினர் ஒவ்வொரு தடவையும் பெட்டியில் இடம் இருப்பதாகச் சொல்கிறார். நானும் ஒவ்வொரு தடவையும் சட்டத்தைச் சொல்கிறேன்.

போன மாதம் சென்னையிலிருந்து ஒருவர் ஆல்பத்தைப் பார்க்க வந்தார். விவரம் தெரிந்த ஆள், லென்ஸ் கொண்டு வந்திருந்தார். விஸ்வேஸ்வரய்யா கவரைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு நல்ல விலை சொன்னார். முதல் பக்கத்தில் வைத்திருக்கும் அண்ணா கவரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார், அப்புறம் பின்கோடைப் பார்த்துச் சிரித்தார். அவரை எனக்குப் பிடித்துப்போனது. கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது ஊதா ரேகையைக் கண்டு, “இது யாரு சார்?” என்றார். சொன்னேன். லென்ஸை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இதுக்கெல்லாம் மார்க்கெட் கிடையாது சார். விஸ்வேஸ்வரய்யாவ நான் சொன்ன விலைக்குக் குடுத்தீங்கன்னா, இதையும் சேர்த்து எடுத்துக்கிறேன்.”

உள்ளே பார்த்து இன்னொரு டீ போடச் சொன்னேன். குடித்துவிட்டு, ஆறரை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.